இடது புருவத்து வெட்டு

கல்யாணத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, மாப்பிள்ளைக்கு முன்னால் முதல் புருஷன் வந்து இறங்கினான். வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில்.

வெண்கலத் தலை, மார்பு வரைக்கும்.

நகர நூலகத்தில் வைப்பதற்காக மணப்பெண் கெசையா தர்லோ பாஸ்டன் சிற்பியிடம் செய்யச் சொன்னது. இரண்டு வருடம் இழுத்தடித்துவிட்டு, இன்றைக்குத்தான் ரயிலேற்ற வேண்டுமா? சிற்பியும் கூடவே வந்திருந்தார். வந்ததிலிருந்து கண் கேக்கின் மேலேயே இருந்தது.

அசாஹெல் தர்லோ போருக்குப் போனவன். இறந்தவர்கள் பட்டியலில் பெயர் வந்தது. உடல் வரவில்லை. பதினோரு வருடம் ஆகிறது.

"பிரிங்க, பிரிங்க. அவரும் கல்யாணத்தைப் பார்த்துட்டுப் போகட்டும்" என்றார் மாப்பிள்ளை லெமுவல். கடைக்காரர், செத்தவர்களிடம் மட்டும் தாராளம்.

கெசையா என் காதில் கிசுகிசுத்தாள். "நான் அனுப்புனது தகரப் படம், தகட்டுல எடுத்த போட்டோ. அதுல வலது இடதா மாறித் தெரியும்னு சிற்பிக்கு எழுத மறந்துட்டேன். அசாஹெல் புருவத்து வெட்டுத் தழும்பு தப்பான பக்கம்தான் இருக்கும். நீ தெருவெல்லாம் சொல்லிட்டு அலையாதே."

வாஸ்தவம். எங்கள் வீட்டுத் தகரப் படத்தில் என் வீட்டுக்காரருக்கே கோட்டுப் பொத்தான் பெண்பிள்ளை கோட்டு மாதிரி பக்கம் மாறித்தான் விழுந்திருக்கும்.

துணியை எடுத்தார்கள்.

வெட்டு இடது புருவத்தில் இருந்தது. சரியான பக்கம்.

கெசையா பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டு ஓரடி முன்னால் போனாள்.

எனக்கா வாய் சும்மா இருக்கும்? சிற்பியிடம் கேட்டேன்.

"களிமண்ல நான் வலது பக்கம்தாங்க வெச்சேன். படத்துல பின்கழுத்தும் காதும் தெரியலை. அதுக்காக ஒரு ஆளை உட்கார வெச்சேன். ஒருநாள் அவராவே எழுந்து வந்து, 'இந்தப் பக்கம்'னு தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். நல்ல மனுஷன். பொட்டியை ஏத்தி இறக்கக்கூட அவர்தான் வந்தார். வெளியே வண்டிகிட்ட நிப்பார்."

கூடத்தில் யாரும் இதைக் காதில் வாங்கவில்லை. கெசையா வாங்கினாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெண்கல முகத்தையே பார்த்தபடி, "ஜன்னல் திரையை இழுத்து விடு" என்றாள் என்னிடம்.

போனேன்.

பனியில் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றினான். இடது புருவத்தில் அதே வெட்டு. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான்.

திரையை இழுத்து விட்டேன்.

பாதிரியார் தொண்டையைச் செருமினார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்றார்.

வழக்கம்போல எல்லோரும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்கள்.

நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.