முப்பத்தேழாம் கிளையின் படிவம்

புயலும் வெள்ளமும் எங்கள் வங்கியின் கிளைகளை எந்த அளவு பாதிக்கும் என்று மதிப்பிடுவது எங்கள் பிரிவின் வேலை. ஆண்டுதோறும் எல்லாக் கிளைகளுக்கும் படிவம் அனுப்புவோம். முகவரிப் பட்டியலைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. அதனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் கடல் கொண்டுபோன முப்பத்தேழாம் கிளைக்கும் ஒன்று போகும். முதல் பதில் அங்கிருந்துதான் வரும்.

இந்த முறையும் வந்தது. தாள் மொடமொடவென்று இருந்தது. தண்ணீர் மட்டம்: இருபத்திரண்டு அடி. மூடியிருந்த நாட்கள்: இல்லை. ஊழியர்கள்: ஏழு பேர். அன்று உள்ளே சிக்கியவர்களும் ஏழு பேர்தான். அவர்களில் காசாளர் என் அக்கா. எழுத்து அவளுடையது.

புதிதாக வந்திருக்கும் மேலாளரிடம் காட்டினேன்.

"சார், இந்தக் கிளை கடலுக்குள்ள போயிடுச்சு. ஒருத்தரும் தப்பிக்கல."

அவர் படிவத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாதிப்பே இல்லைன்னுல்ல எழுதியிருக்காங்க! மத்த கிளையெல்லாம் மூக்கால அழுவுது. நீங்க திங்கக்கிழமை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

இருக்கைக்குத் திரும்பினேன். படிவம் வந்த உறையில் போன வார அஞ்சல் முத்திரை இருந்தது. படிவத்தின் பின்பக்கம், குறிப்புகளுக்கான கட்டத்தில், அக்கா ஒரு வரி எழுதியிருந்தாள்.

"திங்கக்கிழமை குடையெல்லாம் எடுத்துட்டு வராதடா தம்பி. இங்க யாரும் நனையறதில்ல."