புகைப் புகார்

டெக்சாஸில் தன் வீட்டுக் கொல்லையில், வேட் பீப்பாய்க்குள் ஓக் விறகை மூட்டம் போட்டுக் கரி சுட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கறி வாட்ட அவனுக்குச் சொந்தக் கரிதான் வேண்டும்.

தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து நின்றது. தொடர்ந்து இது மூன்றாவது சனிக்கிழமை!

“மறுபடியும் புகார் சார்,” என்றார் கேப்டன் ஹாலிஸ், சங்கடமாக.

“பக்கத்து வீட்டுக்காரன் வேலைதானே? போதும்டா சாமி! இனிமே கடைக்கரிதான்!”

“ஐயோ, வேணாம்ண்ணா!” தங்கை நடீன் ஓடி வந்தாள். “அவர் மேல பழி போடாத. போன் பண்ணது நான்தான்.”

“நீயா? எதுக்குடி?”

அவள் முகம் சிவந்தது. “கடைக்கரியில இவ்ளோ புகை வராதே. அப்புறம் என்ன சொல்லி இவரை வரவழைக்கிறது?”

ஹாலிஸ் தலைக்கவசத்தைக் கழற்றினார். அவர் முகம் அவள் முகத்தைவிடச் சிவந்திருந்தது.

“சாப்பிட வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே! வண்டிகூட வேணாம், ஓடியே வந்திருப்பேன்!”