கப்பிக்கயிறு

கொட்டாஞ்சேனையில் ஒரு டொக்டரின் அறை. பதின்மூன்று வயது மெற்றில்டா தாடையிலும் பிடரியிலும் தோல்வார் மாட்டியபடி நிற்கிறாள். வாரில் கட்டிய கயிறு கூரைக் கப்பியில் ஏறி இறங்கி அவளுடைய தகப்பன் பற்றிக்கின் கையில் முடிகிறது. அவர் துறைமுகத்தில் பாரம் இறக்குபவர். இப்போது அந்தக் கை வியர்க்கிறது. "இன்னும் கொஞ்சம் இழுங்கோ," என்கிறார் டொக்டர். "முதுகு நிமிர்ந்து நிக்கேக்கை பிளாஸ்டர் போட்டால்தான் பிடிக்கும். வளந்தாப் பிறகு இந்த வளைவு நிமிராது." கப்பி கிறீச்சிடுகிறது. மெற்றில்டாவின் குதிகால்கள் தரையை விட்டு எழுகின்றன. பெருவிரல்கள் மட்டும் தொடுகின்றன. இறுகிய பற்களுக்குள்ளால், "அப்பா, விட்டிடாதேங்கோ," என்கிறாள். யன்னல் வெயிலில், ஒரு பக்கம் சரிந்திருந்த அவளுடைய தோள் மெல்ல மெல்ல மற்றத் தோளின் மட்டத்துக்கு வருவதைத் தகப்பன் மூச்சு விடாமல் பார்க்கிறார். தாதி நனைந்த பிளாஸ்டர் துணியை மார்பிலிருந்து இடுப்புவரை சுற்றுகிறாள். வெள்ளைத் தண்ணீர் தரையில் சொட்டுகிறது. "இனிக் காய வேணும். கொஞ்ச நேரம் செல்லும்," என்ற டொக்டர், சுவரில் ஜோர்ஜ் மன்னரின் படத்துக்குக் கீழே இருக்கும் கொக்கியைக் காட்டுகிறார். "கயிற்றை அதிலை கட்டிப்போட்டு இருங்கோ." தகப்பன் கொக்கியைப் பார்க்கிறார். பிறகு கயிற்றை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார். "வேண்டாம் டொக்டர். நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."