விளக்கு வைக்கும் நேரம்

டொராண்டோவிலிருந்து மதுரைக்கு விமானம் ஒரு நாள் பறந்த காலத்தில், நறுமுகை வந்தால் ஒரு மாதம் தங்குவாள். இப்போது பயணம் இருபதே நிமிடம். அடிக்கடி வருகிறாள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை.

இன்று பாலுக்கு உறை ஊற்றக் கொஞ்சம் மோர் கேட்டு வந்திருந்தாள்.

"சீக்கிரம் குடும்மா, ஆபீஸ் போகணும்."

"விளக்கு வச்சப்புறம் மோரை வெளிய குடுக்கக் கூடாதுடி. தங்கியிருந்து காலையில வாங்கிட்டுப் போ," என்றாள் அம்மா தனலட்சுமி.

"எங்க ஊர்ல இப்பத்தாம்மா விடியுது!"

"மோரு இந்த ஊர்லதானடி இருக்கு!"

உள்ளே பூஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நறுமுகை திரும்பித் தெருவைப் பார்த்தாள். நாலு மணி வெயில் கொளுத்தியது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.