தடை சொல்ல வந்தவர்

"இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்றவங்க இருந்தா, இப்பவே சொல்லலாம்" என்றார் பாதிரியார்.

கடைசி வரிசையில், செக்யூரிட்டி சீருடையோடு ஒரு பெரியவர் எழுந்தார். தேவாலயத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு முகம் வெளிறியது. மணப்பெண் அவன் கையை விட்டுவிட்டாள்.

"இவரைத் தெரியுமா, தம்பி?"

"தெரியாது ஃபாதர்."

பெரியவர் மாப்பிள்ளையையே பார்த்தார்.

"ஒண்ணுமில்லைங்க. கால் மரத்துப் போச்சு, அதான் எந்திரிச்சேன்."

சிரிப்பு பரவியது. பெரியவர் உட்கார்ந்தார். மோதிரம் மாற்றினார்கள்.

பாதிரியார் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். "தகப்பனைக் கனம்பண்ணத் தெரிஞ்ச பிள்ளை. சின்ன வயசுலயே இறந்துபோன தன் அப்பாவுக்காக, நாம எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும்னு கேட்டிருக்கார்."

எல்லோரும் எழுந்தார்கள். கால் மரத்துப்போன பெரியவரும் எழுந்து, தன் சாவுக்குத் தானே தலைகுனிந்து நின்றார்.