மாத்திரை நாள் பந்தி

அவள் எனக்கும் இலை போட்டாள்.

தெளித்துக்கொள்ளத் தண்ணீர் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாதம் போடட்டுங்களா, ஐயா?"

எங்கள் வீட்டில் இருந்தவரை 'மாமா' என்றவள். என் மருமகள் வசந்தாமணி.

நான் சாப்பிட வந்தவன் அல்ல. இன்றைய சமையலுக்கு ஒரு மூட்டை அரிசி நேற்றே அனுப்பியிருந்தேன்; மீதி மூட்டைகளை இறக்கியதும் கிளம்புவதாக இருந்தேன். வண்டி வாசலில்தான் நின்றது.

மாதத்தில் ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுப்பார்கள். முதல் பஸ்ஸுக்கு வெறும் வயிற்றோடு ஏறி வருகிறவர்கள், வாங்கியதும் இந்தச் சங்கத்துக்கு வந்து உட்காருவார்கள். சங்கம் அவர்களே நடத்துவது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியிலிருந்து நிதி வந்துகொண்டிருந்தது. பங்குனியோடு அது நின்றுவிட்டது.

ஊரிலுள்ள அரிசி ஆலைகளுக்கெல்லாம் உதவி கேட்டுக் கடிதம் வந்தது. எங்கள் ஆலைக்கும் வந்தது.

அடியில் வசந்தாமணி என்று கையெழுத்து.

என் மகன் போன பதினாறாம் நாள் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினேன். அவளுக்கும் அந்த நோய் இருந்தது. அவனிடமிருந்து வந்ததுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். அவன் இறந்தது மஞ்சள் காமாலையில் என்று உறவுக்காரர்களிடம் சொன்னேன். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. என்னிடம் கேட்க மாட்டார்கள்.

ஒன்பது வருஷம் ஆகிறது.

இன்று அவன் நினைவு நாள்.

"யார் பேர்ல எழுதறதுங்க?"

மூட்டைகளை இறக்கியதுமே கேட்டவள் சங்கத் தலைவி ருக்குமணி. கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்றாள்.

"நினைவு நாள் சாப்பாடு. பேர் வேண்டாம்."

எங்கள் குடும்பம் பேரில்லாமல் எதையும் கொடுத்ததில்லை. கோயில் மணியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து மேசைகளில் இருக்கிறது. சுடுகாட்டுக் கொட்டகையிலும் இருக்கிறது.

'ஒரு நலம் விரும்பி' என்று ருக்குமணி எழுதினாள்.

நான் வாசலுக்குத் திரும்பினேன்.

"அதெப்படிங்க போறீங்க? அரிசி குடுத்தவங்களே ஒரு வாய் சாப்பிடலீன்னா, இந்த அரிசியில ஏதோ இருக்குதுன்னு எங்க ஆளுக தொட மாட்டாங்க."

பந்தியில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள்.

வெளியிடத்தில் நான் கை நனைப்பதில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். இங்கே அது வேறு மாதிரிக் கேட்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

சோறு வந்தது. பருப்பு வந்தது.

கடைசி ஆறு மாதம் எங்கள் வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நான்தான் சொன்னேன். மறு பேச்சில்லாமல் அவளே கழுவி, அவளே கவிழ்த்து வைத்தாள்.

இன்று அவள் தன் கையால் ரசம் ஊற்றினாள். சோற்றில் குழி செய்து வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து இலைக்காரர் தறி ஓட்டுகிறவராம். அவள் நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

"இந்தப் பொண்ணு இல்லீன்னா இந்தச் சங்கமே இல்லீங்க. ஏதோ பெரிய வீட்டுல வாக்கப்பட்டதாம். எந்த வீடுன்னு நாங்களும் கேட்டுப் பாத்து ஓஞ்சே போயிட்டோம்."

"ஏன், சொல்றதில்லீங்களா?"

"சொன்னா மாமனாரு ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியாதாம். புருசன் எதுல போனாருன்னு கேட்டா, மஞ்சக் காமாலைங்குது. எங்ககிட்டயேங்க!"

அவர் சிரித்தார்.

டம்ளரை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன்.

குடும்பத்தின் பேரை இத்தனை காலம் நான் காப்பாற்றி வந்ததாக நினைத்திருந்தேன்.

மோர் ஊற்றிவிட்டு அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.

நினைவு நாள் சாப்பாட்டில் இலையை எதிர்ப்பக்கமாக மூட வேண்டும். நல்ல காரியத்தில்தான் தன் பக்கமாக மூடுவது, உறவு தொடரட்டும் என்று. இதில் தவறிய சொந்தக்காரர்களைப் பந்தியிலேயே அதட்டியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் வசந்தாமணியே ஒரு முறை மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

இலையின் மேல் விளிம்பைப் பிடித்தேன்.

என் பக்கமாக மடித்தேன்.

ருக்குமணி பார்த்துவிட்டாள்.

"ஐயா, நெனவு நாள்னு சொன்னீங்க. மாத்தி மூடிட்டீங்களே?"

"எனக்கா இலை மூடத் தெரியாது?"

வேண்டுமென்றேதான் உரக்கச் சொன்னேன்.

அடுத்த வரிசையில் குனிந்திருந்த வசந்தாமணி திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தாள்.

கையிலிருந்த சொம்பு சாய்ந்தபடியே இருந்தது. மோர் இலையை நிறைத்து, பாயில் ஓடியது.

"போதும் கண்ணு," என்றார் யாரோ. "போதும், போதும்."