நீல நூல்

மலையில் துரைமாருக்கென்று புதிதாகக் கட்டிய ஓட்டலுக்குச் சரவிளக்கு தருவித்துக் கொடுக்கும் வேலை பாலக்காட்டு வியாபாரி சைனுதீனுக்குக் கிடைத்திருந்தது. மறுநாள் திறப்பு விழா. கப்பலில் கொச்சிக்கு வந்த பெட்டி, பாலக்காட்டுப் பக்கமே போகாமல் நேரே மலையேறியிருந்தது. சீமையில் அடித்த ஆணி ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை.

முன்பெல்லாம் சரக்கு முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும். கண்ணாடித் தொங்கல்களை மனைவி மெஹருன்னிசா ஒவ்வொன்றாகத் துடைப்பாள். எது எந்தக் கிளைக்கு என்று தெரிவதற்காக, தலையில் போடும் பழைய நீலத் தட்டத்திலிருந்து நூலை உருவி அடையாளம் கட்டுவாள். முதல் கிளைக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு. கத்தரிக்கோலைத் தேடமாட்டாள், பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். அவள் மௌத்தாகி அடக்கமான பிறகு, சரக்கை வீட்டில் இறக்குவதையே அவர் விட்டுவிட்டார். அங்கே பேச்சுக்குரல் கேட்டே மூன்று வருஷமாகிறது.

ஓட்டல் கூடத்தில் சைனுதீன் பக்கத்தில் நிற்க, எஸ்டேட் தச்சன் பெரியமுத்து பெட்டியின் பலகையைப் பெயர்த்தான். வைக்கோல் நன்றாகக் காய்ந்து மொறமொறவென்றிருந்தது. அதை விலக்கியவன் உள்ளே குனிந்து பார்த்தான்.

"மாட்டுறது லேசுதான் ராவுத்தரே. எல்லாத்துலயும் நீல நூலு கட்டியிருக்கு, முடிச்சு போட்டு. யாரு கட்டுனது?"

சைனுதீனும் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"ஊட்டுல கட்டுனதுதான்."

"வீட்ல தனியா இருக்கேன்னீகளே?"

அவர் பெட்டிக்குள் கைவிட்டார். ஒரு தொங்கலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நூலின் முனையைத் தொட்டுப் பார்த்தார். கடித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.